கால்வாய்க் கரையில் பிறந்த கணக்கு

கேம்ப் பகுதியில் குடியிருக்கும் நம்மவர்களில் எம்ப்ரஸ் கார்டனுக்குப் போகாதவர்கள் இருக்க மாட்டார்கள். மலர்க் கண்காட்சி, ஞாயிற்றுக்கிழமை கட்டுசாதம், பேரப்பிள்ளைகளுக்கு ஊஞ்சல் என்று ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும். அந்தப் பக்கம் போகும்போது ஒரு கால்வாயையும் கடக்கிறோம். பாலத்தின்மேல் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போகிறவர்கள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. முட்டா வலது கரைக் கால்வாய் என்பது அதன் பெயர். கடக்வாஸ்லா அணையில் புறப்பட்டு, பர்வதி, ஸ்வார்கேட் வழியாக நம் கேம்ப்பின் தெற்கு ஓரத்தைத் தொட்டுக்கொண்டு ஹடப்ஸர் போய், அங்கிருந்து தவுண்ட், இந்தாப்பூர் தாலுகாக்கள் வரை ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் செல்கிறது. மராட்டியில் 'காலவா' என்கிறார்கள். நம் 'கால்வா'யோடு அதற்கு உறவு உண்டா என்பதை மொழி அறிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு பழைய கால்வாயைப் பற்றிச் சங்கப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நம் வீட்டுக் குழாயில் வருவதும் அந்தக் கடக்வாஸ்லாத் தண்ணீர்தான். நெடுங்காலம் அது இந்தத் திறந்த கால்வாய் வழியாகவே லஷ்கர் ஜலகேந்திரத்துக்கு வந்து சேர்ந்தது. இப்போது பெரும்பாலும் மூடிய குழாயில் வருகிறது. அது மட்டுமல்ல. அணையில் திறந்துவிடும் தண்ணீரில் எவ்வளவு போய்ச் சேருகிறது, எவ்வளவு வழியிலேயே காணாமல் போகிறது என்று விஞ்ஞான முறைப்படி இந்த நாட்டில் கணக்குப் பார்க்கத் தொடங்கியவர்களில் முன்னோடிகள் இந்தக் கால்வாய்க் கரையில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள். எங்கள் கட்டடத்தில் டாங்கர் தண்ணீர் வாங்குவதா வேண்டாமா என்று எழுந்த ஒரு சண்டைதான் என்னை இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது. சண்டையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அணையைப் பார்த்துவிடுவோம்.

கர்னல் ஃபைஃப் என்ற ஆங்கிலேய இன்ஜினீயரின் திட்டப்படி 1869-ல் தொடங்கிக் கட்டிய கல் அணை கடக்வாஸ்லா. அதன் பின்னால் தேங்கிய நீருக்கு வெகுகாலம் ஃபைஃப் ஏரி என்றே பெயர். பூனா நகரத்துக்கும் கன்டோன்மென்டுக்கும் குடிநீர், வழியெல்லாம் பாசனம் என்ற இரட்டை நோக்கம் அதற்குத் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஒரே ஏரியை நகரமும் கிராமமும் பங்குபோட்டுக்கொண்டால் என்ன ஆகும்? அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பூனாவில் இன்ஜினீயராக இருந்தவர் எம். விஸ்வேஸ்வரய்யா. மைசூர் திவானாகவும், 'ஸர்' பட்டம் பெற்றவராகவும், 'பாரத ரத்னா'வாகவும் நாம் அறிந்த அதே பெரியவர்தான். மழைக்காலத்தில் ஏரி நிரம்பிக் கலிங்கின் வழியே வழிந்து ஓடுவதை அவர் பார்த்தார். வழிந்தது வழிந்ததுதான், கோடையில் அது திரும்பி வராது. அணையை உயர்த்தினால் கூடுதல் நீர் தேங்கும். ஆனால் அதற்குப் பெருஞ்செலவு ஆகும், பழைய அணை தாங்குமா என்ற பயமும் உண்டு. அவர் செய்தது வேறு. கலிங்கின்மேல் தானியங்கிக் கதவுகளைப் பொருத்தினார். ஏரி குறிப்பிட்ட மட்டத்துக்கு ஏறும்வரை கதவு மூடியிருக்கும். அதற்கு மேல் வெள்ளம் வந்தால் தானே திறக்கும். வெள்ளம் வடிந்தால் தானே மூடிக்கொள்ளும். இரவில் ஆள் நின்று திறக்க வேண்டியதில்லை. 1903-ல் கடக்வாஸ்லாவில் அமைந்த இந்தக் கதவுகளால், அணையில் ஒரு கல்லைக்கூடக் கூட்டாமல் எட்டடி உயரத்துக்குக் கூடுதலாகத் தண்ணீரை நிறுத்த முடிந்தது. பின்னர் குவாலியரிலும் மைசூரின் கிருஷ்ணராஜ சாகரத்திலும் இதே வகைக் கதவுகள் இடம்பெற்றன.

என் பார்வையில் அவருடைய பெரிய வேலை கதவு அல்ல. நீரா கால்வாயில் அவர் கொண்டுவந்த 'பிளாக்' முறைதான். கால்வாயின் தலைப்பகுதியில் நிலம் உள்ளவர்கள் கரும்பு போட்டுத் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டார்கள். கடைமடைக்காரன் வானத்தைப் பார்த்தான். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. விஸ்வேஸ்வரய்யா பாசன நிலத்தைப் பல கிராமங்களில் துண்டு துண்டாகப் பிரித்தார். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பகுதிக்குத்தான் கரும்பு. மற்றவற்றில் நெல் அல்லது குறைந்த நீர் கேட்கும் பயிர். அதுவும் ஆண்டுக்காண்டு இடம் மாறும். ஒரு கனஅடி நீர் எத்தனை ஏக்கரை நனைத்தது, எத்தனை ஊரைத் தொட்டது என்று பார்க்கும் பழக்கம் இதனால் வந்தது. நம் ஊர்களில் நீர்க்கட்டி என்பவர் மடை மடையாக முறைவைத்துத் தண்ணீர் விட்டாரே, அந்தப் பழைய நியாயத்தைத்தான் இவர் சர்க்கார் காகிதத்தில் எழுதினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் ஒரு சங்கடம் மிஞ்சியது. பங்கு பிரிக்க வேண்டுமானால் அளக்க வேண்டும். ஓடுகிற தண்ணீரை எப்படி அளப்பது?

1916-ல் பம்பாய் மாகாண அரசு பாசன ஆராய்ச்சிக்கென ஒரு சிறிய தனிப்பிரிவை ஏற்படுத்தியது. தக்காணக் கால்வாய்களில் அப்போது ஒரு விசித்திரமான நோய் பரவியிருந்தது. தண்ணீர் இல்லாமல் அல்ல, தண்ணீர் அதிகமாகி நிலம் கெட்டுக்கொண்டிருந்தது. கரும்புக்கு அளவில்லாமல் பாய்ச்சிய நீர் கீழே இறங்கி, நிலத்தடி நீரை மேலே தூக்கி, கூடவே உப்பையும் கொண்டுவந்து மண்மேல் படியவைத்தது. நல்ல கறுப்பு மண் வெள்ளை பூத்து வீணாயிற்று. இந்த ஆராய்ச்சியில் இறங்கியவர் க்ளாட் இங்கிலிஸ் என்ற அயர்லாந்துக்காரர். நீரோட்ட ஆராய்ச்சிகள் முதலில் நம் பக்கத்து ஹடப்ஸரில் நடந்தன. 1920களின் நடுவில் கடக்வாஸ்லா அணையின் கீழே இடம் மாறின. அங்கே போனதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. ஏரித் தண்ணீர் பம்பு இல்லாமல் தானே இறங்கி வந்து பரிசோதனை மாதிரிகளில் ஓடும். ஓடியபின் வீணாகாமல் மறுபடி கால்வாயில் சேர்ந்துவிடும். தண்ணீர்ச் சிக்கனத்தை ஆராய்கிறவர்கள் தண்ணீரைச் செலவழிக்காமலே ஆராய்ந்தார்கள்.

இன்று அங்கே இருப்பதுதான் மத்திய நீர் மற்றும் மின்சக்தி ஆராய்ச்சி நிலையம். ஸிம்மகட் போகும் வழியில் அதன் நீண்ட மதிலைப் பார்த்திருப்பீர்கள். அணைகள், ஆறுகள், துறைமுகங்கள் ஆகியவற்றின் சிறிய மாதிரிகளைக் கட்டித் தண்ணீர் விட்டுப் பார்க்கும் இடம் அது. இங்கிலிஸ் இங்கே கால் நூற்றாண்டுக்கு மேல் உழைத்து, பின்னாளில் இங்கிலாந்தில் தொடங்கிய நீரியல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகவும் ஆனார். பூனா கற்றுக்கொடுத்ததை லண்டன் எடுத்துக்கொண்டது என்று நாம் கொஞ்சம் பெருமைப்படலாம்.

இனி அளவுக்கு வருவோம். இங்கிலிஸ் செம்மைப்படுத்திய கருவிக்கு 'ஸ்டாண்டிங் வேவ் ஃப்ளூம்' என்று பெயர். பெயர்தான் பயமுறுத்துகிறது, விஷயம் எளிது. கால்வாயின் ஓரிடத்தில் இரு பக்கச் சுவர்களையும் உள்ளே தள்ளிக் கழுத்துப்போல் குறுக்கிவிடுகிறார்கள். தரையையும் சற்று உயர்த்துகிறார்கள். தண்ணீர் அந்தக் கழுத்தில் நுழைந்ததும் வேகம் எடுத்து மட்டம் தாழும்; கழுத்தைத் தாண்டியதும் துள்ளி எழுந்து, நின்ற இடத்திலேயே ஓர் அலையாகக் கொந்தளிக்கும். அந்த அலைக்குக் கீழே என்ன நடந்தாலும், யாராவது மடையை அடைத்தாலும் திறந்தாலும், மேல்பக்கத்து மட்டம் மாறாது. ஆகவே மேல்பக்கத்தில் ஒரு கோலை நட்டு, நீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்தால் போதும். விநாடிக்கு எத்தனை கனஅடி போகிறது என்று அட்டவணை சொல்லிவிடும். ஓடும் பாகம் எதுவும் இல்லை. துருப்பிடிக்க ஒன்றும் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்த பாட்கரி எவரும் அளக்கலாம். கால்வாயில் தண்ணீர் விடும் ஊழியருக்கு இங்கே பாட்கரி என்று பெயர். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் பார்ஷல் என்பவரும் இதுபோன்ற ஒன்றைச் செய்தார். அங்கும் சண்டை போட்டுக்கொண்டவர்கள் விவசாயிகள்தான்.

கால்வாயிலிருந்து கசியும் நீரை அளக்க இன்னொரு முறை உண்டு. அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அவ்வளவு எளிது. கால்வாயின் ஒரு துண்டை இரு பக்கமும் மண் போட்டு அடைப்பது. நடுவில் நீரை நிரப்புவது. பிறகு சும்மா இருப்பது. சில மணி நேரம் கழித்து மட்டம் எத்தனை அங்குலம் இறங்கியது என்று பார்ப்பது. சூரியன் குடித்ததைக் கழித்தால் மீதி மண் குடித்தது. இந்த உத்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கட்டடச் சண்டையைத் தீர்த்தது இதுதான்.

சூரியன் குடிப்பதையும் அளப்பதற்குப் புனேயில் ஆட்கள் உண்டு. சிவாஜி நகர் வானிலை அலுவலகத்தைச் சேர்ந்தவர்கள் பயன்படுத்தும் நான்கடி அகலத் தட்டு ஒன்று இருக்கிறது. அதில் நீர் ஊற்றித் திறந்த வெளியில் வைத்து, தினமும் எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறார்கள். மேலே கம்பி வலை போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் காக்கை குடித்ததும் சூரியன் கணக்கில் எழுதப்பட்டுவிடும். பாஷாணில் உள்ள தேசிய ரசாயன ஆய்வுக்கூடத்தினர் இன்னொரு படி மேலே போய், ஏரியின்மேல் மெழுகுபோன்ற ரசாயனத்தைத் தூவி, ஒரே ஒரு மூலக்கூறு கனமுள்ள படலத்தால் ஏரியை மூடி ஆவியாவதைக் குறைக்க முடியுமா என்று ஆராய்ந்தார்கள். முடியும், ஆனால் காற்று பலமாக அடித்தால் படலம் கிழிந்து கரையில் ஒதுங்கிவிடும், மறுபடி தூவ வேண்டும். அறிவுக்கு விருந்தான ஆராய்ச்சி. ஏரியளவில் அதற்குக் கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி.

விஞ்ஞானிகள் அளந்தார்கள், சரி. அளந்ததை யாருக்குக் கொடுப்பது என்று கேட்ட ஒரு மனிதரும் இதே புனேக்காரர்தான். விலாஸ்ராவ் ஸாளுங்கே என்று பெயர். இன்ஜினீயர், தொழிற்சாலை நடத்தியவர். 1972-ல் மகாராஷ்டிரத்தில் வந்த கொடிய வறட்சியின்போது புரந்தர் தாலுகாவுக்குப் போனார். நம் கேம்ப்பிலிருந்து ஹடப்ஸர் தாண்டி திவே காட் ஏறினால் ஸாஸ்வட். அதற்கப்பால் வானம் பார்த்த பூமி. மழை மறைவுப் பிரதேசம். நாய்காவ் என்ற கிராமத்தில் கோயிலுக்குச் சொந்தமான நாற்பது ஏக்கர் தரிசை 1974-ல் குத்தகைக்கு எடுத்து, சரிவில் வரப்புப் போட்டு, கீழே ஒரு குளம் வெட்டி, கிணறு தோண்டி, விழுந்த மழையை அங்கேயே நிறுத்தினார். விளைந்தது.

இதுவரை யாரும் செய்யக்கூடியதுதான். அவர் பிறகு போட்ட விதிகள்தான் அதிசயம். 'பாணி பஞ்சாயத்து' என்று அதற்குப் பெயர். தண்ணீர்ப் பங்கு நிலத்தின் அளவைப் பார்த்து அல்ல, தலையை எண்ணிக் கொடுக்கப்படும். ஒரு தலைக்கு அரை ஏக்கருக்கான நீர். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர். அதற்கு மேல் நூறு ஏக்கர் இருந்தாலும் கிடையாது. நிலமே இல்லாதவனுக்கும் பங்கு உண்டு. நிலத்தை விற்றால் நீருரிமை கூடப் போகாது. திட்டச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை விவசாயிகளே போட வேண்டும். கரும்பு கூடாது.

கடைசி விதியைப் படித்தபோது நான் ஒரு நிமிஷம் நிறுத்தினேன். மகாராஷ்டிரத்தில் கரும்பு வேண்டாம் என்று சொல்வது, கும்பகோணத்தில் காபி வேண்டாம் என்று சொல்வதுபோல. மாநிலத்தின் சாகுபடி நிலத்தில் மிகச் சிறு பகுதியில் நிற்கும் கரும்பு, பாசன நீரில் பாதிக்கு மேல் குடித்துவிடுகிறது என்பது பலரும் எடுத்துக்காட்டும் கணக்கு. இதில் நமக்கும் பங்கு இருக்கிறது. இங்கே பயிராகும் 'கோ 86032' போன்ற ரகங்களின் 'கோ' என்ற எழுத்து கோயம்புத்தூரைக் குறிக்கிறது. 1912-ல் அங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் குழந்தைகள் அவை. கரும்பை ஒரேயடியாக விலக்க முடியாது என்று எண்ணுகிறவர்கள் ஹடப்ஸரை அடுத்த மாஞ்சரியில் வஸந்த்தாதா சர்க்கரை ஆராய்ச்சி நிலையத்தில் சொட்டுநீர்ப் பாசனத்தை ஆராய்கிறார்கள். வாய்க்காலில் வெள்ளமாகப் பாய்ச்சாமல் வேருக்கு மட்டும் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால் கணிசமாக நீர் மிச்சமாகிறது. நல்லதுதான். ஆனால் மிச்சமான நீரில் அதே விவசாயி இன்னும் இரண்டு ஏக்கர் கரும்பு போட்டால் கடைமடைக்காரனுக்கு என்ன லாபம்? ஸாளுங்கே 2002-ல் காலமானார். அவருடைய கேள்விக்கு இதுவரை எந்தக் குழாயும் பதில் சொல்லவில்லை.

கிராமத்தைக் குறைசொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. புனேக்கு நீர் தரும் கடக்வாஸ்லா, பான்ஷேத், வரஸ்காவ், டெம்கர் ஆகிய நான்கு அணைகளும் நிரம்பினால் சுமார் 29 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். இந்த நான்கையும் நகரமும் தவுண்ட், இந்தாப்பூர் விவசாயிகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். நகரம் ஆண்டுதோறும் ஒதுக்கீட்டைத் தாண்டி எடுக்கிறது என்று பாசனத் துறை சொல்வதும், ஜனத்தொகை ஏறிவிட்டதே என்று மாநகராட்சி சொல்வதும் மராட்டிப் பத்திரிகை படிப்பவர்களுக்கு வருடாந்தர விசேஷம். ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கான அரசாங்க அளவுகோல். புனே எடுக்கும் நீரைத் தலைகளால் வகுத்தால் 200 லிட்டருக்கு மேல் வருகிறது. நாம் எல்லோரும் அவ்வளவு குளிக்கிறோமா என்றால் இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழாய்களிலேயே கசிந்தும் கணக்கில் வராமலும் போகிறது. இங்கிலிஸ் கால்வாயில் தேடிய அதே களவு இப்போது நம் தெருவுக்கு அடியில் நடக்கிறது.

கால்வாயும் தன் வயதை அவ்வப்போது காட்டுகிறது. 1961 ஜூலை 12 அன்று, கட்டிமுடியாத நிலையில் நிரம்பிய பான்ஷேத் அணை உடைந்து, கடக்வாஸ்லாவும் உடைந்து, நகரம் வெள்ளத்தில் மூழ்கியபின் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2018 செப்டம்பர் 27 அன்று தண்டேகர் பாலத்தின் அருகே கால்வாய்ச் சுவர் உடைந்து ஏழைகளின் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நண்டும் எலியும் துளை போட்டதுதான் காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. நண்டு பதில் சொல்லவில்லை.

இப்போது எங்கள் சண்டை. கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள், நாற்பத்தாறு பேர். கோடையில் நான்காம் மாடிக்குக் காலை ஏழு மணிக்கே தண்ணீர் நின்றுவிடும். எங்கள் கட்டடத்தின் கடைமடை அதுதான். டாங்கர் வாங்க வேண்டும், செலவை எல்லோரும் பகிர வேண்டும் என்றார்கள் மாடிக்காரர்கள். "எங்களுக்குத் தண்ணீர் வருகிறதே, நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?" என்றார்கள் கீழ்வீட்டுக்காரர்கள். கூட்டத்தில் குரல் ஏறியது. ஒரு மராட்டி நண்பர், "காகா, முதலில் கணக்குப் பாருங்கள்" என்றார். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

கால்வாயை அடைத்துப் பார்க்கும் உத்தியை மொட்டைமாடித் தொட்டியில் செய்தோம். தொட்டியின் உட்புறம் இரண்டரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம். இரவு பதினொரு மணிக்கு மோட்டாரை நிறுத்தி, எல்லோரையும் தண்ணீர் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் பார்த்தால் நீர் கோட்டுக்கு ஆறு சென்டிமீட்டர் கீழே நிற்கிறது. அதாவது யாரும் தொடாத ஆறு மணி நேரத்தில் 300 லிட்டர். நாள் முழுவதும் இப்படி என்றால் 1,200 லிட்டர். நாற்பத்தாறு பேருக்குத் தலைக்கு 135 லிட்டர் வீதம் வேண்டியது 6,210 லிட்டர். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இல்லாத ஆட்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

யார் வீட்டில் என்று கண்டுபிடிக்கக் கேசரிப் பவுடர் போதும். கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை போட வேண்டும். கால் மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருக்க வேண்டும். கீழே கோப்பையில் ஆரஞ்சு நிறம் இறங்கினால் வால்வு ஒழுகுகிறது என்று அர்த்தம். சத்தம் இல்லாமல் ஒழுகுவதால் யாருக்கும் தெரிவதில்லை. இரண்டாம் மாடி மாமி, "கேசரிப் பவுடரைக் கேசரியில போட்டுப் பார்த்திருக்கேன் ஸார், இந்தக் கூத்தை இப்பத்தான் பார்க்கறேன்" என்றார். அடுத்த நிமிஷம் அவர் வீட்டிலேயே ஆரஞ்சு இறங்கியது. ஐந்து தொட்டிகள் அப்படி அகப்பட்டன. அவற்றில் மூன்று கீழ்வீடுகளில். ரப்பர் வாஷர் மாற்ற பிளம்பர் வாங்கிய கூலி ஒரு டாங்கர் விலைக்குள் அடங்கிவிட்டது. சொட்டும் குழாய் ஒன்றின் கீழே வாளியை வைத்துப் பார்த்தோம். ஒரு நாளில் பதினெட்டு லிட்டர். மறுவாரம் மொட்டைமாடிச் சோதனையைத் திரும்பச் செய்தபோது மட்டம் ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கியது. நாளுக்கு ஆயிரம் லிட்டர் மிச்சம். பத்து நாளைக்கு ஒரு டாங்கர் என்று சொன்னால் கீழ்வீட்டுக்காரர்களுக்கும் புரிந்தது.

இன்னும் சிலவற்றையும் அளந்தோம். பழைய ஃப்ளஷ் தொட்டி ஒரு தடவைக்குப் பத்து லிட்டருக்கு மேல் கொட்டுகிறது. புதிதாக வரும் இரட்டைப் பொத்தான் தொட்டி மூன்று அல்லது ஆறு லிட்டரோடு நிறுத்திக்கொள்கிறது. மாற்ற வசதியில்லாதவர்கள் ஒரு லிட்டர் பாட்டிலில் நீர் நிரப்பி, மிதவையில் படாமல், தொட்டிக்குள் வைத்துவிடலாம். ஆர்.ஓ. சுத்திகரிப்பு எந்திரம் ஒரு குடம் நல்ல நீர் கொடுத்தால் மூன்று குடத்தைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. அதைப் பிடித்துத் தரை துடைக்கலாம், பாத்திரத்துக்கு முதல் கழுவல் போடலாம். ஷவரைவிட நம் பக்கெட்டும் செம்பும் எவ்வளவோ மேல். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் கர்நாடகம் என்கிறார்கள்.

மழைநீரைப் பற்றிச் சொல்லாவிட்டால் சென்னை உறவினர்கள் கோபிப்பார்கள். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். கிணற்று மட்டம் ஏறியதை அங்கே பலர் கண்ணால் பார்த்தார்கள். பராமரிப்பை மறந்த ஊருக்கு 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததையும் பார்த்தோம். இங்கே 2016-ல் மிரஜிலிருந்து லாத்தூருக்கு ரயிலில் போனதுபோல. எங்கள் மொட்டைமாடி 200 சதுர மீட்டர். புனேயில் ஆண்டு மழை சராசரியாக 700 மில்லிமீட்டரை ஒட்டி வருகிறது. அதில் எண்பது சதவிகிதம் கைக்கு வந்தால் 1,12,000 லிட்டர், பதினொரு டாங்கர். ஆனால் அத்தனையும் நான்கு மாதத்தில், குழாயிலும் தண்ணீர் தாராளமாக வரும்போது கொட்டுகிறது. தேக்க இடமில்லை, பூமிக்குள்தான் அனுப்ப வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: சென்னைக் கடற்கரை மணல்போல நம் காலடியில் மணல் இல்லை; கருங்கல் பாறை. நீர் அதன் வெடிப்புகளிலும் சிதைந்த மேலடுக்கிலும்தான் தங்கும். சென்னையில் செய்ததை அப்படியே இங்கே செய்து, குழி வெட்டிவிட்டு நீர் இறங்கவில்லையே என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை. நிலத்தடி நீரை அறிந்த ஒருவரைக் கூப்பிட்டு இடம் பார்க்கச் சொல்வதுதான் முறை.

மீட்டர் விஷயத்தில் நம்மவர்களுக்குள் இரண்டு கட்சி இருப்பதை நான் அறிவேன். புனே மாநகராட்சி இருபத்து நான்கு மணி நேர விநியோகத் திட்டத்தோடு வீட்டு மீட்டர்களையும் பொருத்திவருகிறது. அது வந்தால் கட்டணம் ஏறும் என்று பயப்படுகிறவர்கள் பலர். நான் மீட்டர் கட்சி. கராட் பக்கத்தில் மல்காபூர் என்ற சிற்றூர் வெகுநாள் முன்பே மீட்டர் வைத்து, குறைவாக எடுப்பவருக்குக் குறைந்த விலை, கூடக் கூட அதிக விலை என்று ஏற்படுத்தி, நாள் முழுதும் தண்ணீர் கொடுத்துக் காட்டியிருக்கிறது. எந்நேரமும் வரும் என்று தெரிந்தால் யாரும் அண்டா அண்டாவாகப் பிடித்துவைத்து மறுநாள் காலை 'பழைய தண்ணீர்' என்று கொட்ட மாட்டார்கள். குழாயில் அழுத்தம் குறையாமல் இருந்தால் வெளிச் சாக்கடை உள்ளே இழுபடுவதும் இல்லை. ஏழைக் குடும்பத்துக்கு அடிப்படை அளவு மலிவாகக் கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் இதைச் சொல்கிறேன். தலையை எண்ணிப் பங்கு போட்ட ஸாளுங்கே மீட்டரைப் பார்த்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

மிச்சப்படுத்திய தண்ணீர் இந்தாப்பூருக்குப் போகுமா என்று மாமி கேட்டார். நேராகப் போகாது. நாம் பயன்படுத்திவிட்டுக் கழித்த நீரைச் சுத்திகரித்து, முண்டவாவில் பம்பு வைத்துப் பழைய கால்வாயில் ஏற்றிக் கீழே அனுப்புகிறார்கள். நல்ல தண்ணீரை நீங்கள் வைத்துக்கொண்டு கழிவை எங்களுக்குத் தருகிறீர்களே என்று அந்தப் பக்கத்து விவசாயிகள் முறையிடுகிறார்கள். நியாயமான முறையீடுதான். நாம் குறைவாக எடுத்தால்தான் அணையில் அவர்களுக்கு நல்ல நீர் நிற்கும். நாம் சாக்கடையில் விடும் சோப்பும் ரசாயனமும் குறைந்தால்தான் அவர்களுக்குப் போய்ச் சேரும் நீராவது பயிருக்கு ஆகும். இதைச் சொன்னதும் மாமி, "அப்படின்னா அந்த வாஷிங் பவுடரையும் அளந்து போடணும்னு சொல்லுங்கோ" என்றார். அவர் வீட்டில் இப்போது பவுடர் டப்பாவுக்குள் ஒரு தேக்கரண்டி கிடக்கிறது.

பக்கத்துக் கட்டடத்துக்காரர்களும் தொட்டியில் கோடு போட்டுப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை இரவு போகிறோம். சாக்பீஸ், அளவுகோல், டார்ச், ஒரு பொட்டலம் கேசரிப் பவுடர். வேறு சாமான் எதுவும் தேவையில்லை.